பாலி எரிமலை: வீசிங் உள்ள குழந்தையோடு போனவர்கள் இருக்கிறீர்களா?

தண்டையார்பேட்டையில் இருக்கிறோம். வரும் மே லீவில் பிள்ளைகளோடு பாலி தீவுக்குப் போகத் திட்டம். மூத்தவளுக்குப் பத்து வயது, எரிமலை என்றால் உயிர். பத்தூர் மலையில் லாவாக் கல்லைத் தொட்டுப் பார்த்தே ஆகணும் என்கிறாள். சின்னவனுக்கு ஐந்து வயது, வீசிங் உண்டு. சிக்கல் அங்கேதான்.

எங்கள் தெருவில் கன்டெய்னர் லாரி புழுதி கிளப்பினாலே அவனுக்கு மூச்சில் விசில் சத்தம் வந்துவிடும். விலாவுக்கு நடுவே தோல் உள்ளே இழுக்கும். ஸ்பேசர் குழாய் வைத்து இன்ஹேலர் பஃப் கொடுத்தால் அடங்கும்.

பாரிமுனையில் ஒரு டிராவல்ஸில் கேட்டேன், கடற்கரை பேக்கேஜைத்தான் நீட்டுகிறார்கள். குழந்தை டாக்டர், மருந்து கையோடு இருந்தால் போகலாம், ஆனால் புகை, கந்தக வாடை, புழுதிப் பக்கம் வேண்டாம் என்றார். பத்தூர் 1,717 மீட்டர், சூரிய உதயம் பார்க்க இருட்டிலேயே ஏறணும். அதனால் நடையை விட்டுவிட்டோம். 2017இல் ஆகுங் மலை சாம்பல் கக்கியபோது விமான நிலையத்தையே மூடினார்கள். அதனால் தேதி மாற்றக்கூடிய டிக்கெட்தான் பார்க்கிறோம்.

மிச்சம் இருப்பது ஜீப் சவாரி. கறுப்பு லாவா மணல் மேல், திறந்த வண்டி. வீடியோவில் முன்வண்டியின் புழுதி பின்வண்டி மேல் அப்படியே கவிகிறது. பத்தூருக்கு எதிரே இருக்கும் பெனலோக்கன் ஊர்ச் சாலையோரத்தில் நின்றாலே மலையும் ஏரியும் தெரியும்தான், ஆனால் பெரியவள் ஏமாந்துபோவாள்.

வீசிங் உள்ள சின்னப் பிள்ளையை அந்த ஜீப்பில் கூட்டிப்போனவர்கள் சொல்லுங்கள்: புழுதி தாங்கக்கூடிய அளவில் இருந்ததா?