விசில் அடித்த பிறகு காட்டினால் அது மத வாசகம் இல்லையா?

கோல்கம்பம்: "வீரர் தன் சாமி பெயரை உடையில் எழுதிக் காட்டினால் யாருக்கு என்ன நஷ்டம்? 2007இல் பிரேசில் கால்பந்து வீரர் காகா காட்டினாரே, வானமா இடிந்து விழுந்தது?" என்று நேற்று ஒருவர் எழுதியிருந்தார். படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. அணி முழுக்க ஓடி ஜெயித்ததை ஒருவர் தன் மதத்துக்கு விளம்பரப் பலகை ஆக்கலாமா? உடையில் அரசியல், மத வாசகம் கூடாது என்று கால்பந்தின் ஆட்ட விதி 4 சொல்கிறது.

வலதுவிங்: எழுதியது நான்தான், பெயரையே சொல்லலாம். ஏதென்ஸில் நடந்த சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டத்தில் காகாவின் மிலன் அணி லிவர்பூலை 2-1 என்று வென்றது. கடைசி விசில் அடித்த பிறகுதான் "நான் இயேசுவுக்குச் சொந்தம்" என்ற பனியனோடு காகா மண்டியிட்டார். ஆட்டம் முடிந்துவிட்டது. விதி எங்கே வந்தது?

கோல்கம்பம்: விசில் அடித்ததும் கேமராவையெல்லாம் மூட்டை கட்டிவிட்டார்களா? 2009இல் ஜோகன்னஸ்பர்க்கில் நடந்த கான்ஃபெடரேஷன்ஸ் கோப்பை இறுதி ஆட்டத்தில் பிரேசில் அமெரிக்காவை 3-2 என்று வென்றதும் வட்டமாக நின்று ஜெபித்தார்களே, அதுவும் விசிலுக்குப் பிறகுதான். டென்மார்க் கால்பந்துச் சங்கம் ஆட்சேபித்தது, உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவும் பிரேசிலுக்கு விதியை நினைவூட்டியது.

வலதுவிங்: நினைவூட்டியது, தண்டிக்கவில்லை. ஏனென்றால் விசில் அடித்தாகிவிட்டது.

மூன்றாம்நடுவர்: விசிலை விடுங்கள். 2024இல் இங்கிலாந்துக் கால்பந்து வீரர் மார்க் கேஹி, தன்பாலீர்ப்பாளர்களுக்கு ஆதரவாகக் கேப்டன்கள் கட்டும் வானவில் கைப்பட்டையில் "நான் இயேசுவை நேசிக்கிறேன்" என்று பேனாவால் எழுதிக்கொண்டு ஆட்டம் முழுக்க ஆடினார். இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் நடவடிக்கை எடுக்கவில்லை. ஆனால் கிரிக்கெட்டில், 2023 பெர்த் டெஸ்டில் ஆஸ்திரேலிய வீரர் உஸ்மான் கவாஜா "எல்லா உயிரும் சமம்" என்று ஷூவில் எழுதியதை ஐசிசி அனுமதிக்கவில்லை. அவர் கையில் கறுப்புப் பட்டை கட்டியதற்கும் கண்டனம். எனக்கு வயிறு எரிவது இதில்தான்.

வலதுவிங்: கவாஜா எழுதியது மத வாசகமே இல்லை. தலைப்பைப் படித்துவிட்டு வாருங்கள்.

மூன்றாம்நடுவர்: போன வாரம் ஆஃப்சைடு விதியைத் தப்பாகச் சொல்லிவிட்டு ஓடி ஒளிந்தவர் எனக்குப் பாடம் எடுக்கிறார்.

வலதுவிங்: ஓடவில்லை, வேலை இருந்தது. இன்னொன்று, காகா காட்டியது பனியன், அதாவது உள்ளாடை. ஜெர்சியில் எழுதவில்லை.

கோல்கம்பம்: உள்ளாடையில் இருக்கும் வாசகத்தையும் காட்டக் கூடாது என்று அதே விதியில் இருக்கிறது.

வலதுவிங்: ஆட்டம் நடக்கும்போது! எத்தனை முறை சொல்வது?

மழைக்குருவி: நான் தினமும் ஜெபம் செய்கிறவள். பாரிஸ் ஒலிம்பிக்கில் பிரேசில் ஸ்கேட்போர்டு வீராங்கனை ரேசா லியல் சைகை மொழியில், விரல்களாலேயே, இயேசுவைப் பற்றிச் சொன்னதைப் பார்த்து அழுதுவிட்டேன். 16 வயதுப் பிள்ளை. அவள் யாரையும் இழுக்கவில்லை.

கோல்கம்பம்: அம்மா, உங்கள் கண்ணீரை மதிக்கிறேன். ஆனால் அவள் சொன்னது "இயேசுவே வழி". வேறு வழியில் போகிற பிள்ளையும் அதே மேடையில்தான் நிற்கிறது.

மழைக்குருவி: அந்தப் பிள்ளையும் தன் வழியைச் சொல்லட்டும், நான் தடுக்கவில்லையே.

மூன்றாம்நடுவர்: கவாஜாவைத் தடுத்தார்களே!

வலதுவிங்: மறுபடியும் கவாஜாவா? நான் கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை. விசில் அடித்தாகிவிட்டதா, இல்லையா?