உப்புவெளி வீடும் கந்தளாய் வயலும்: நன்கொடை உறுதியா, மரண சாசனமா?

அலஸ்தோட்டம் தம்பி:
அப்பாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. திருகோணமலை உப்புவெளியில் உறுதிக்காணியும் (உறுதிப்பத்திரமுள்ள தனியார் காணி) வீடும், கந்தளாயில் அரசாங்கம் தந்த வயலும் இருக்கின்றன. அக்கா கனடாக் குடியுரிமை எடுத்துவிட்டா, நான் இங்கே. இப்போதே நன்கொடை உறுதி எழுதிக் கொடுப்பதா, அப்பாவுக்குப் பின் யாருக்கு என்று சொல்லும் மரண சாசனம் (உயில்) போதுமா? வரி எதற்குக் குறைவு?

கச்சேரியடி:
இப்போதே எழுதுங்கள் தம்பி. அப்பா அம்மாவுக்குச் சீவிய உரித்தை (உயிரோடு இருக்கும்வரை அனுபவிக்கும் உரிமையை) ஒதுக்கினால் அவர்களை யாரும் எழுப்ப முடியாது. முத்திரைத் தீர்வையும் குறைவு. நன்கொடைக்குப் பொதுவாக முதல் 50,000 ரூபாய்க்கு 3 வீதம், மிச்சத்துக்கு 2. அறுதி, அதாவது விற்பனை உறுதி என்றால் மிச்சத்துக்கு 4. சாசனம் என்றால் மாவட்ட நீதிமன்றத்தில் வழக்கு, விளம்பரம், தவணைக்கு மேல் தவணை.

பாலையூற்று மருமகள்:
சீவிய உரித்து இருப்பதற்குத்தான், விற்பதற்கு இல்லை. நாளைக்கு ஒப்பரேஷனுக்குக் காசு தேவைப்பட்டால் அந்த மனிதர் பிள்ளையின் கையெழுத்துக்கு நிற்க வேண்டும். மனம் மாறினாலும், மீளா நன்கொடையை இரத்துச் செய்ய, பிள்ளை படுமோசமாக நன்றி கெட்டு நடந்தான் என்று நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டும். 2017 இன் 5 ஆம் இலக்கச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. எந்தத் தகப்பன் கூண்டில் ஏறுவார்? சாசனத்தை நினைத்த நேரம் மாற்றலாம். நொத்தாரிசும் (உறுதி எழுதி அத்தாட்சிப்படுத்துபவர்) இரண்டு சாட்சியும், நொத்தாரிசு இல்லாவிட்டால் ஐந்து சாட்சி. வரியா? மரண வரி 1980களிலேயே எடுபட்டுவிட்டது.

கச்சேரியடி:
எடுபட்டது சரி. 2023 ஐ.எம்.எஃப். திட்டத்தில் நன்கொடைக்கும் வாரிசுச் சொத்துக்கும் வரி கொண்டுவருவதாக எழுதியிருந்ததை மறந்துவிட்டீர்களா? வந்தபிறகு ஓடித்திரிவதா?

பாலையூற்று மருமகள்:
வராத வரிக்குப் பயந்து இருக்கிற வீட்டைக் கைமாற்றச் சொல்கிறீர்கள். உங்கள் கந்தோருக்கு உறுதி எழுதும் கூலி கிடைக்கும், வேறென்ன.

தம்பலகாமம் வயல்காரன்:
வீட்டுக்கே அடிபடுகிறீர்கள், வயலை ஒருவரும் பார்க்கவில்லை. அது காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தில் கிடைத்த அனுமதிப்பத்திரமோ அளிப்புப் பத்திரமோ என்றால், அப்பா பின்னுரித்தாளரை (தனக்குப் பின் அந்தக் காணியைப் பெறுபவரை) நியமித்து, தான் உயிரோடிருக்கும்போதே பதிய வேண்டும். பதியாத நியமனம் செல்லாது. பிரதேச செயலாளரின் சம்மதம் இல்லாமல் நன்கொடையும் இல்லை. முன்பு பெயர் குறிக்காவிட்டால் ஆண் பிள்ளைகளுக்கே முதலிடம், 2022 திருத்தம் அதை எடுத்தது. எங்கள் பக்கத்தில் பெயர் குறிக்காத வயல்களால் அண்ணன் தம்பி முகம் பார்ப்பதில்லை.

அக்காவின் விடயம்: 2014 இன் 38 ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டவருக்குக் காணி கைமாறுவதைத் தடுக்கிறது. ஆனால் நெருங்கிய உறவு என்றால் நன்கொடையாகவோ சாசனத்தாலோ பெறலாம். அவ காசு கொடுத்து வாங்குவதாக மட்டும் எழுதிவிடாதீர்கள்.

அலஸ்தோட்டம் தம்பி:
நன்றி அண்ணை. வயல் அனுமதிப்பத்திரம்தான், பெயர் ஒன்றும் குறிக்கவில்லையாம். திங்கள் பிரதேச செயலகத்துக்குப் போகிறோம். வீட்டுக்கு அப்பா சாசனம் என்கிறார், அம்மா நன்கொடை என்கிறா.

பாலையூற்று மருமகள்:
வீட்டு உறுதி யார் பெயரில்? அதைச் சொல்லுங்கள் முதலில்.