பயறு முட்டையா, பாசி முட்டையா?

நண்பர்களுக்கு வணக்கம்.

கோழி வளர்ப்புச் சொற்களுக்குத் தமிழ்ப் பெயர் தேடும் இந்த இழையில், ஆலிவ் பச்சை நிறத்தில் முட்டையிடும் 'ஆலிவ் எக்கர்' கலப்புக் கோழிக்கு 'ஒலிவ முட்டைக்கோழி' என்று முன்மொழிந்திருக்கிறீர்கள். எனக்கு அது ஒட்டவில்லை. ஒலிவம் பைபிளில் படித்த மரம். அதன் காயைக் கையில் வைத்துப் பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? அந்த முட்டையின் நிறமோ நம் அடுப்படி டப்பாவிலேயே இருக்கிறது: தோல் நீக்காத பாசிப்பயறு. ஆகவே 'பயறு முட்டை' என்பது என் பரிந்துரை. (இலக்கணம் 'பயற்றுமுட்டை' என்று கேட்கும், வாய் கேட்காது.)

ஆனால் அதற்கு முன்னால் தீர்க்கவேண்டியது ஒன்று இருக்கிறது. ஆங்கிலத்தில் 'ஷெல் கலர்' என்ற ஒரே பெயருக்குள் இரண்டு வேறு சங்கதிகளை அடைத்திருக்கிறார்கள். நாமும் 'ஓட்டுநிறம்' என்று போட்டால் அதே குழப்பம்தான். பழுப்பாக இருக்கும் ஒரு முட்டையை உடைத்து ஓட்டின் உட்புறத்தைப் பாருங்கள், வெள்ளை. முழு முட்டையைக் கொஞ்ச நேரம் வினிகரில் போட்டு விரலால் தேய்த்தால் பழுப்பு கையோடு வரும். ஓடு உருவாக ஏறக்குறைய 20 மணி நேரம் ஆகிறது. புரோட்டோபார்பிரின் என்ற பழுப்பு நிறமியில் பெரும்பகுதி கடைசிச் சில மணி நேரத்தில்தான் மேலே ஏறுகிறது. சிலி நாட்டு அரௌகானா கோழியின் நீல முட்டை அப்படியில்லை. பிலிவெர்டின் நிறமி ஓடு முழுக்க இறங்கியிருக்கும். உடைத்தால் உள்ளேயும் நீலம்.

எனவே பழுப்புக்குப் 'பூச்சுநிறம்', நீலத்துக்கு 'ஊறுநிறம்'. அப்புறம் பயறு முட்டைக்கு விளக்கம் ஒரே வரி: நீல ஊறுநிறத்தின்மேல் பழுப்புப் பூச்சு. வளர்ப்பவருக்கும் இந்தப் பிரிவு உதவும். நீலம் ஒற்றை ஓங்கு மரபணு. தாய், தகப்பன் யாராவது ஒருவரிடமிருந்து வந்தால் போதும். பூச்சு பல மரபணுக்கள் சேர்ந்து செய்யும் வேலை, கலக்கக் கலக்க வெளிறும்.

இன்னொன்று. அடர்பழுப்பு முட்டையிடும் மாரன்ஸ் கோழியில் வரி இறகுள்ள வகை 'குக்கூ மாரன்ஸ்'. அதைக் 'குயில் மாரன்ஸ்' ஆக்கவேண்டாம். ஐரோப்பியக் குக்கூவுக்கு மார்பில் வரி உண்டு, அதனால் அந்தப் பெயர். நமக்குக் குயில் என்றாலே கறுப்பு. (பெண்குயில் புள்ளியும் வரியுமாகத்தான் இருக்கும், யார் கவனித்தார்கள்!) சண்டைச்சேவல் வளர்ப்பவர்கள் கறுப்பைக் 'காகம்' என்று ஏற்கெனவே சொல்கிறார்கள். 'வரி மாரன்ஸ்' போதும்.

மறுமொழி:

'வரி' சரி. 'பயறு முட்டை' என்றால் எங்கள் வீட்டில் அதற்குத் தொட்டுக்கொள்ள என்ன என்று கேட்பார்கள் ஐயா. 'பாசி முட்டை' ஆகாதா? 'ஊறுநிறம்' ஊறுகாயை நினைவூட்டுகிறது. ஓட்டை ஊடுருவிய நிறம்தானே, 'ஊடுநிறம்' எனலாமே.

கூடவே ஒரு சொல் வேண்டும். நீல முட்டையிடும், வரி இறகுள்ள கிரீம் லெக்பார் இனப் பெட்டையைக் கறுப்பு மாரன்ஸ் சேவலோடு சேர்த்தால் பயறு முட்டைக் கோழிகள் கிடைக்கும். அந்தக் குஞ்சுகளைப் பொரித்த அன்றே பால் பிரிக்கலாம். வரிக்கான மரபணு, பாலைத் தீர்மானிக்கும் இசட் நிறப்புரியில் (குரோமோசோமில்) இருக்கிறது. தாயின் இசட் ஆண்குஞ்சுக்கு மட்டுமே போகும். அதனால் ஆண்குஞ்சின் கறுத்த தலையில் வெள்ளைப் புள்ளி விழுகிறது. அதைத் 'தலைப்பொட்டு' என்கலாமா?

மறுமொழி:

'ஊடுநிறம்' என்னுடையதைவிட நன்று, எடுத்துக்கொள்வோம். 'பாசி' வேண்டாம். கடையில் பாசி என்றால் மணி எடுத்துக் கொடுப்பார்கள். 'பாசி முட்டை' என்று காதில் விழுந்தால் பாசி படிந்த முட்டையோ என்று தோன்றும். 'பயறு' இருக்கட்டும், தொட்டுக்கொள்ளச் சட்னி அரைத்துக்கொள்ளலாம்.

'தலைப்பொட்டு' அருமை. பொட்டு வைத்தது சேவல் என்பதை மட்டும் விளக்கத்தின் முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் நம்மவர்கள் தலைகீழாகப் பிரித்துவிடுவார்கள்.