கேரவன் சார்ஜரில் 13.6 வோல்ட், பேட்டரியில் 12.2 மட்டும்: போர்டை மாற்றத்தான் வேண்டுமா?

மண்டபம்_வேன்:
வணக்கம். பழைய வேன் ஒன்றைக் கேரவனாக மாற்றி மண்டபத்தில் கடலை ஒட்டியே நிறுத்தி வைத்திருக்கிறேன். லீவு கிடைத்தால் குடும்பத்தோடு அரியமான், ஏர்வாடி, அரிச்சல்முனை என்று கிளம்பிவிடுவோம். உள்ளே 150 ஏ.ஹெச். டியூபுலர் பேட்டரி. வீட்டுக் கரண்டில் சொருகினால் 230 வோல்ட்டை 12 வோல்ட்டாக்கி விளக்கு, ஃபேன், சின்ன ஃபிரிட்ஜ் எல்லாவற்றுக்கும் கொடுத்து, பேட்டரியையும் ஏற்றுகிற 30 ஆம்பியர் கன்வெர்ட்டர் பின்பக்கப் படுக்கைக்கு அடியில் இருக்கிறது. பேட்டரி முன்சீட்டுக்குப் பின்னால்.

ராத்திரி முழுக்கச் சொருகி வைத்தாலும் பேட்டரி ஏறுவதில்லை. சார்ஜரில் பச்சை விளக்கு எரிகிறது, அதாவது ஃபுல் என்கிறது. பிளக்கைப் பிடுங்கினால் கொஞ்ச நேரத்தில் ஃபிரிட்ஜ் நின்றுவிடுகிறது. மீட்டர் வைத்தால் கன்வெர்ட்டர் முனையில் 13.6, பேட்டரி முனையில் 12.2. ஃபியூஸ் எதுவும் போகவில்லை. கடையில் கன்வெர்ட்டர் போர்டு போய்விட்டது, புதுசு வாங்குங்கள் என்கிறார்கள். வாங்குவதற்கு முன்னால் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாம் என்று எழுதுகிறேன்.

பாம்பன்_படகுவயரிங்:
அண்ணே, காசை எடுக்காதீங்க. உங்கள் கன்வெர்ட்டர் நன்றாக இருக்கிறது. 13.6 வெளியே வருகிறதே, அப்புறம் போர்டு எப்படிப் போயிருக்கும்? நடுவில் 1.4 வோல்ட்டை யாரோ தின்கிறார்கள், அவரைத்தான் பிடிக்க வேண்டும். சார்ஜர் தன் முனையில் உள்ள வோல்ட்டைத்தான் பார்க்கும், பேட்டரி முனை அதற்குத் தெரியாது. அதனால் பேட்டரி நிரம்பிவிட்டது என்று நினைத்துக் கரண்டைக் குறைத்துவிடுகிறது, பச்சை விளக்கின் கதை அவ்வளவுதான்.

சார்ஜர் ஓடிக்கொண்டிருக்கும்போதே அளக்க வேண்டும், அணைத்துவிட்டு அளந்தால் ஒன்றும் தெரியாது. மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து ஒரு முள்ளைக் கன்வெர்ட்டர் நெகட்டிவிலும் இன்னொன்றைப் பேட்டரி நெகட்டிவ் முனையின் ஈயத்திலும் வையுங்கள், வயர் நுனியில் இருக்கிற லக்கில் (உலோகக் கொண்டி) வைக்காதீர்கள். 0.2-க்கு மேல் காட்டினால் நெகட்டிவ் பக்கம்தான் கோளாறு. இல்லாவிட்டால் பாசிட்டிவ் பக்கம் இதே மாதிரி. அப்புறம் ஒவ்வொரு இணைப்பாக முள்ளை நகர்த்திக்கொண்டே போனால் எந்த இடத்தில் எண் குதிக்கிறதோ அதுதான் ஆள். 5 ஆம்பியர் ஓடினாலே 1.4 வோல்ட் அங்கே 7 வாட் சூடாகும், கை வைத்தாலே தெரியலாம். 230 வோல்ட் வருகிற பக்கம் மட்டும் விரல் போகக்கூடாது.

என் கணிப்பு பாடி எர்த், அதாவது வண்டியின் இரும்புப் பாடியையே நெகட்டிவ் வயராக்குகிற இணைப்பு. நம்ம ஊரில் கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் உப்புச் சாரல் எதற்குள்ளும் புகுந்துவிடும். செம்பு லக், இரும்புப் பாடி, நடுவில் உப்பு ஈரம் என்றால் அரிப்பு நிற்கவே நிற்காது. 1914-இல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தையே அரித்து, 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்த வேண்டி வந்ததே, ஒரு போல்ட் எம்மாத்திரம்.

கீழக்கரை_சோலார்:
பாம்பன் பாய் சொல்வது சரி. கூடவே வயர் தடிமனையும் பாருங்கள். 6 சதுர மி.மீ. செம்பு வயர் மீட்டருக்கு 3 மில்லி ஓம் வரும். போக 5 மீட்டர், வர 5 மீட்டர், 30 ஆம்பியர் என்றால் 0.9 வோல்ட் வழியிலேயே போய்விடும். 16 சதுர மி.மீ. போட்டால் 0.35 தான். முடிந்தால் கன்வெர்ட்டரைப் பேட்டரி பக்கத்தில் கொண்டுவந்துவிடுங்கள், அதை விட நல்லது இல்லை. ஆனால் அடைத்த பெட்டிக்குள் சேர்த்து வைக்காதீர்கள், சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வரும்.

மண்டபம்_வேன்:
இருவருக்கும் நன்றி. பாசிட்டிவ் பக்கம் 0.15 மட்டும்தான். நெகட்டிவ் பக்கம் 1.25! கன்வெர்ட்டரிலிருந்து வருகிற கறுப்பு வயர் ஏறுபடிக்குக் கீழே பாடியில் ஒரு போல்ட்டில் முடிகிறது, அங்கிருந்து பாடி வழியாகத்தான் பேட்டரிக்குப் போகிறது. போல்ட்டைக் கழற்றினால் லக்குக்கு அடியில் பச்சைப் பொடி, கீழே பெயின்ட்டைக்கூடச் சுரண்டாமல் அப்படியே முறுக்கியிருக்கிறார்கள். லக்கின் கழுத்தில் வயரும் உள்ளே ஓரடிக்குக் கறுத்துப் போயிருக்கிறது. இப்போதைக்கு ஒரு தடித்த ஜம்பர் கேபிளை நெகட்டிவுக்கு நெகட்டிவ் நேராகப் போட்டுப் பார்த்தேன், உடனே சிவப்பு விளக்கு எரிந்து 24 ஆம்பியர் ஏறுகிறது. சரி, நிரந்தரமாக எப்படிச் செய்வது? லித்தியத்துக்கு மாறிவிடு என்றும் ஒருவர் சொல்கிறார்.

பாம்பன்_படகுவயரிங்:
கறுத்த வயரைச் சுரண்டி மறுபடி லக் அடிக்காதீங்க அண்ணே, நிற்காது. நெகட்டிவுக்குத் தனி கேபிள் இழுங்கள், பாடியை நம்பவே வேண்டாம். வெள்ளீயம் பூசிய செம்பு வயர் படகுச் சாமான் கடையில் கேட்டால் கிடைக்கும், விலை கூடுதலானாலும் கடலோரத்தில் அதுதான் தாங்கும். லக்கை நன்றாக க்ரிம்ப் செய்து (கருவியால் நெரித்து), பசை உள்ள ஸ்லீவைச் சூடாக்கி மூடி, முறுக்கிய பிறகு மேலே வேசலின். வேலைக்கு முன்னால் 230 பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பேட்டரியில் நெகட்டிவை முதலில் கழற்றுங்கள், மாட்டும்போது அதுவே கடைசி.

லித்தியம் இப்போது வேண்டாம். அதற்கு 14.2-க்கு மேல் ஏற்றுகிற சார்ஜர் வேண்டும், உங்களுடையதில் அந்த செட்டிங் இருக்கிறதா என்று பார்க்காமல் மாற்றினால் மறுபடி இதே புலம்பல்தான். இருக்கிற பேட்டரி பாதி வயிற்றோடு கிடந்ததால் தகட்டில் சல்பேட் படிந்திருக்கும். முதல் தடவை நிதானமாக முழுசா ஏற விடுங்கள். தகடு வெளியே தெரிந்தால் மூழ்கும் அளவு டிஸ்டில்ட் வாட்டர் முதலில், மிச்சம் சார்ஜ் முடிந்த பிறகு. அப்புறம் எல்லாவற்றையும் கழற்றி ஒரு ராத்திரி வைத்துவிட்டுக் காலையில் அளந்து பாருங்கள். 12.6 நின்றால் பேட்டரி பிழைத்தது, 12.4-க்குக் கீழே இறங்கினால் செல் ஒவ்வொன்றாக ஹைட்ரோமீட்டர் (அமிலத்தின் அடர்த்தி அளக்கும் கருவி) வைத்துப் பார்த்துவிட்டு அந்த எண்களை இங்கேயே போடுங்கள்.