குட்டைப் பன்றி இனங்களைக் குளோனிங் வழியாகக் காக்க முடியுமா?

வைகைக்கரை:
உயிரித்தொழில்நுட்பத்தில் முதுநிலை படிக்கிறேன். பன்றியின் சிறுநீரகத்தை மனிதருக்குப் பொருத்தும் ஆராய்ச்சியைப் பற்றி வாசித்தபோது, அமெரிக்காவின் ஈஜெனிசிஸ் நிறுவனம் யுகடான் குட்டைப் பன்றியின் செல்களில் 69 மரபணுத் திருத்தங்களைச் செய்து, குளோனிங் (உட்கருவை நீக்கிய கருமுட்டைக்குள் உடல் செல் ஒன்றைச் சேர்த்துக் கருவாக்கும் முறை) வழியாகவே குட்டிகளைப் பெற்றது என்று அறிந்தேன். மாட்டினங்களைக் காக்க உறைவிந்தும் உறைய வைத்த கருவும் போதும் என்றால், பன்றிக்கு மட்டும் ஏன் இவ்வளவு சிரமம்? அரிய ஆராய்ச்சி இனம் ஒன்றைச் செல்களாகச் சேமித்துவிட்டுப் பின்னாளில் மந்தையாகவே மீட்க முடியுமா?

நுண்ணோக்கி:
தாங்கள் குறிப்பிட்ட யுகடான் பன்றிகளில் நோக்கம் இனக்காப்பு அன்று. தட்டில் வளரும் செல்களைத் திருத்தி, எல்லாம் சரியாக அமைந்த செல்லைத் தேர்ந்து முழு விலங்காக்கக் குளோனிங்கே நேரான வழி. பன்றிச் செல்களின் மேலுள்ள, மனித உடல் உடனடியாக நிராகரிக்கும் ஆல்ஃபா-கால் சர்க்கரைக்குக் காரணமான மரபணுவின் ஒரு பிரதியை முடக்கி, மிசூரிப் பல்கலைக்கழகக் குழு 2002இல் அறிவித்த குட்டைப் பன்றிகளும் இவ்வாறு பிறந்தவையே.

சேமிப்பில் சிக்கல் கொழுப்பால் வருகிறது. பன்றியின் கருமுட்டையை நுண்ணோக்கியில் வைத்தால், கொழுப்புத் துளிகள் அடைந்து கறுத்துத் தெரியும். குளோனிங்கில் நீக்க வேண்டிய உட்கருப்பொருளைச் சாயமிடாமல் காண்பது அரிது. அதே கொழுப்பு கருவை உறைய வைப்பதையும் கடினமாக்குகிறது. ஆண் பன்றியின் விந்தும் காளை விந்தைப் போல உறைநிலையைத் தாங்குவதில்லை. காது நுனியில் எடுத்த தோல்துண்டிலிருந்து வளர்த்த செல்களோ, திரவ நைட்ரஜனில் −196 டிகிரியில் ஆண்டுக்கணக்கில் கெடாமல் இருக்கும்.

செம்மண்:
மந்தையை மீட்பதற்கு நல்ல எடுத்துக்காட்டு ஆக்லாந்து தீவுப் பன்றிகள். நியூசிலாந்துக்குத் தெற்கே, நெடுங்காலம் தனித்துவிடப்பட்டதால் உடல் சிறுத்துப்போன இப்பன்றிகளில் 17ஐ 1999இல் நியூசிலாந்தின் தென்கோடி நகரான இன்வர்காகிலுக்குக் கொண்டுவந்து காப்பாற்றினார்கள். உறுப்பு மாற்று ஆராய்ச்சிக்காக மியூனிக் பல்கலைக்கழகக் குழு இவற்றின் செல்களைக் கொண்டு ஜெர்மனியிலேயே குளோன் குட்டிகளைப் பெற்றது.

ஆனால் இது மலிவான வேலை அன்று. சினை நிற்பதற்கே பன்றியின் கருப்பையில் தொடக்கத்தில் குறைந்தது நான்கு கருக்களாவது உயிரோடு இருக்க வேண்டும் என்பதாலும், குளோன் கருக்களில் மிகப் பெரும்பாலானவை அழிந்துவிடும் என்பதாலும், ஒரு தாய்ப்பன்றிக்கு நூற்றுக்கும் மேற்பட்ட கருக்களை வைப்பது வழக்கமாக இருக்கிறது.

மற்றொன்றைப் பலர் கவனிப்பதில்லை. கருமுட்டைகள் பெரும்பாலும் இறைச்சிக் கூடத்துப் பெண் பன்றிகளிடமிருந்து வருவதால், குளோனின் மைட்டோகாண்ட்ரியாவும் (செல்லுக்கு ஆற்றல் தரும், தனக்கெனச் சிறிது டி.என்.ஏ. கொண்ட நுண்ணுறுப்பு) அவற்றினுடையதே. ஆண் பன்றியைக் குளோன் செய்தால் கவலையில்லை. மைட்டோகாண்ட்ரியா தந்தை வழியே செல்வதில்லை. பெண் பன்றியைக் குளோன் செய்தால் அந்த வேற்று மைட்டோகாண்ட்ரியா அதன் தாய்வழி வாரிசுகள் அனைத்திலும் தொடரும். மேலும், ஒரே பன்றியின் செல்களால் நூறு குப்பிகளை நிரப்பினாலும் மந்தைக்குக் கிடைப்பது ஒரே மரபுத்தொகுதிதான்.

வைகைக்கரை:
இருவருக்கும் மிக்க நன்றி. குளோன் குட்டிகளில் காணப்படும் பிறவிக் குறைகள் அடுத்த தலைமுறைக்கும் போகுமா?

செம்மண்:
பொதுவாகப் போவதில்லை. அக்குறைகளில் பெரும்பாலானவை மரபணு எழுத்துகள் மாறியதால் வருவன அல்ல. மரபணுக்களை இயக்கும், அடக்கும் குறிகள் செல் மறுநிரலாக்கத்தின்போது (உடல் செல்லின் உட்கரு கருவின் நிலைக்குத் திரும்பும்போது) சரியாக அழிந்து எழுதப்படாததால் வருபவை. விந்தும் கருமுட்டையும் உருவாகும்போது அக்குறிகள் புதிதாக எழுதப்படுகின்றன. ஆகவே முதல் தலைமுறையை மட்டும் குளோனிங்கில் பெற்று, அதன்பின் இயல்பான இணைசேர்க்கைக்கு விட்டுவிடுவதே என் பார்வையில் சரியானது.