அம்மாவின் தைராய்டு ஸ்கேனில் டைரேட்ஸ் 4. ஊசி டெஸ்ட் வேண்டாம் என்கிறார் டாக்டர், சரியா?

பவானிக்காரன்:
அம்மாவுக்கு 54 வயது. தலைசுற்றல் என்று போனபோது கழுத்து ரத்தக்குழாய்க்கு டாப்ளர் எடுத்தார்கள். அதில் தைராய்டில் ஒரு கட்டி தெரியவே, தனியாக ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள். ரிப்போர்ட்டில் இருப்பது: வலது பக்கம், 12 x 9 x 8 மி.மீ., சாலிட், ஹைப்போஎக்கோயிக், ஓரம் ஸ்மூத், கால்சிஃபிகேஷன் இல்லை, டைரேட்ஸ் 4. தைராய்டு சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கும் ரத்த டெஸ்ட், டி.எஸ்.ஹெச்., 2.8. டாக்டர் நிதானமாக, "அடுத்த வருஷம் ஒரு ஸ்கேன் எடுத்துக்கிட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டார். வீட்டில் சித்தி மொபைலில் எதையோ படித்துவிட்டு, 4 என்றால் நாலாம் ஸ்டேஜ் என்று அழுதுகொண்டிருக்கிறார். ஒரு வருடம் சும்மா இருக்கலாமா?

மல்லிகா சேலம்:
எனக்கும் இதே மாதிரி கட்டி இருந்தது தம்பி. எஃப்.என்.ஏ.சி., அதாவது கட்டியில் ஊசி குத்திச் செல் எடுத்துப் பார்க்கும் அந்த டெஸ்ட், பண்ணிப் பார்த்துவிட்டேன், ரத்தம் எடுப்பது போலத்தான் இருந்தது. ஒன்றுமில்லை என்று வந்தது. மனசு நிம்மதிக்காகவாவது எடுத்துவிடுங்கள்.

ஸ்கேன்ரூம் அக்கா:
நான் ரேடியாலஜி டாக்டர், கோவைப் பக்கம். தினமும் கழுத்து ஸ்கேன் பார்ப்பவள். முதலில் சித்தி கண்ணைத் துடைத்துக்கொள்ளட்டும். இந்த 4-க்கும் புற்றுநோயின் நாலாம் ஸ்டேஜுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. கட்டி திரையில் எப்படித் தெரிகிறது என்பதற்குப் போடும் மார்க் இது. அமெரிக்க ரேடியாலஜி கல்லூரி 2017-ல் வெளியிட்ட முறை. ஐரோப்பாவுக்கும் கொரியாவுக்கும் வேறு வேறு பட்டியல் உண்டு, உங்கள் ரிப்போர்ட் அமெரிக்க முறையில்தான் எழுதியிருக்கிறது என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

கட்டி கெட்டியாக இருப்பதற்கு 2 மார்க். சுற்றியுள்ள தைராய்டைவிடக் கறுப்பாகத் தெரிவதற்கு இன்னொரு 2, ஹைப்போஎக்கோயிக் என்பது அதுதான். ஓரம் வழவழப்பு, சுண்ணாம்பு இல்லை, அதற்கெல்லாம் 0. கூட்டினால் 4. 4 முதல் 6 வரை வந்தால் நாலாம் பிரிவு. அந்தப் பிரிவில் 1.5 செ.மீ. இருந்தால்தான் ஊசி டெஸ்ட். 1 செ.மீ.-க்கு மேல் என்றால் 1, 2, 3, 5-ஆம் வருடங்களில் ஸ்கேன் எடுத்துப் பார்த்துக்கொள்வது. அம்மாவுக்கு 12 மி.மீ. டாக்டர் சொன்னது கணக்காகத்தான் இருக்கிறது.

ஆனால் என்னைக் கேட்டால், அந்த 4-ஐ விடுங்கள், 9, 8 இரண்டையும் பாருங்கள். கழுத்துக்குக் குறுக்கே ப்ரோபை, அதாவது கையில் பிடிக்கும் ஸ்கேன் கருவியை, வைத்து எடுத்த படத்தில் கட்டியின் அகலத்தைவிட ஆழம் அதிகமாக இருந்தால் அதற்கு மட்டும் நேராக 3 மார்க். அப்போது மொத்தம் 7, ஐந்தாம் பிரிவு, 1 செ.மீ.-யிலேயே ஊசி டெஸ்ட் எடுக்க வேண்டும். அதாவது 9 அகலம், 8 ஆழம் என்றால் அம்மா வீட்டில் இருக்கலாம். 8 அகலம், 9 ஆழம் என்றால் கதையே வேறு. ஒரு மில்லிமீட்டர் விஷயம்! அவசரத்தில் எண்களை முன்பின்னாக டைப் செய்த ரிப்போர்ட்டுகளை நானே பார்த்திருக்கிறேன். எது எந்த அளவு என்று படத்திலேயே போட்டிருக்கும், எடுத்துப் பாருங்கள்.

இன்னொன்று வெள்ளைப் புள்ளிகள். தைராய்டுக்குள் இருக்கும் கூழ் போன்ற கொலாய்டு கெட்டிப்பட்ட புள்ளிக்குக் கீழே வால்நட்சத்திரம் போல ஒரு வெளிச்சக் கீற்று இறங்கும். அந்த வால் பெரிதாக இருந்தால் 0. வாலே இல்லாத பொடிப்பொடிப் புள்ளி என்றால் 3, பாப்பிலரி வகைப் புற்றுநோயில் அடிக்கடி பார்ப்பது அது. ப்ரோபைச் சற்றுச் சாய்த்து, நிதானமாகப் பார்த்தால்தான் இரண்டுக்கும் வித்தியாசம் பிடிபடும். வெளியே இருபது பேர் டோக்கனோடு உட்கார்ந்திருக்கும்போது அந்த நிதானம் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை, வேறென்ன சொல்ல.

மல்லிகா மேடம், உங்களுக்கு நல்லபடியாக வந்ததில் சந்தோஷம். ஆனால் ஊசியில் எப்போதும் ஆம், இல்லை என்று பதில் வராது. ஊசியில் எடுத்த செல்லைப் பார்த்து ரிப்போர்ட் எழுதும் பெதஸ்டா முறையில் ஆறு வகை. செல் போதவில்லை, திரும்ப எடுங்கள் என்று வரலாம். மூன்றாம் வகை வந்தால் இப்படியும் இல்லை, அப்படியும் இல்லை. நிம்மதிக்காகப் போய்த் தூக்கத்தைத் தொலைத்தவர்கள் உண்டு. தென் கொரியாவில் 1999-க்குப் பிறகு உடல்நலப் பரிசோதனையோடு சேர்த்துக் கழுத்து ஸ்கேனும் பரவலாக எடுத்தார்கள். 1993-ஐவிட 2011-ல் தைராய்டு புற்றுநோய் என்று கண்டுபிடித்தது 15 மடங்கு. அதில் இறந்தவர்கள் எண்ணிக்கையில் மாற்றமே இல்லை. கழுத்தை அறுத்துக்கொண்டு காலம் முழுக்க மாத்திரை போடுபவர்கள்தான் கூடினார்கள்.

டி.எஸ்.ஹெச். நார்மல் என்பதும் நல்லதே. குறைவாக இருந்திருந்தால், கட்டியே ஹார்மோன் சுரக்கிறதா என்று பார்க்க ஐசோடோப் ஸ்கேன் கேட்டிருப்பார்கள்.

நாட்டுமருந்து நேசன்:
முட்டைக்கோஸ், காலிஃபிளவர் நிறுத்தினாலே கட்டி கரையும். எங்கள் அத்தைக்குக் கரைந்தது.

ஸ்கேன்ரூம் அக்கா:
அத்தைக்கு இருந்தது நீர்க்கட்டியாக இருக்கும். அது தானாகவே வற்றுவது உண்டு. கோஸ் பொரியலைப் பாவம் விட்டுவிடுங்கள்.

பவானிக்காரன்:
ரொம்ப நன்றி அக்கா. படத்தை எடுத்துப் பார்த்தேன். குறுக்கு வெட்டில் ஏ.பி. 8, டிரான்ஸ்வர்ஸ் 9 என்று இருக்கிறது. ஏ.பி. என்பதுதானே ஆழம்? கழுத்து நிணநீர் முடிச்சு பற்றி ரிப்போர்ட்டில் ஒரு வரிகூட இல்லை, அது இருக்க வேண்டுமா?

ஸ்கேன்ரூம் அக்கா:
ஆமாம் தம்பி, ஏ.பி. என்றால் முன்பின் ஆழம். அப்படியென்றால் நாலாம் பிரிவு சரிதான். நிணநீர் முடிச்சு பற்றிக் கட்டாயம் எழுத வேண்டும். எடுத்த இடத்திலேயே போய்க் கேளுங்கள். பார்த்திருந்தால் சேர்த்து எழுதித் தருவார்கள், பார்க்கவில்லை என்றால் அம்மாவைக் கூட்டிவரச் சொல்வார்கள், ஐந்து நிமிட வேலை. அடுத்த வருடம் போகும்போது இந்தப் படங்களையும் கொண்டுபோங்கள், முடிந்தால் அதே சென்டருக்கே. 12 என்பது 13 ஆனால் பதற வேண்டாம், ஆளுக்கு ஆள் அளப்பதில் அவ்வளவு வித்தியாசம் வரும். குறைந்தது இரண்டு பக்கமாவது 20 சதவீதமும் 2 மி.மீ.-யும் கூடியிருந்தால்தான் வளர்ந்திருக்கிறது என்று கணக்கு. இடையில் குரல் கம்மினாலோ விழுங்கச் சிரமம் வந்தாலோ வருடம் முடியட்டும் என்று இருக்காதீர்கள். அப்புறம், அந்தத் தலைசுற்றல் என்ன ஆயிற்று? அதை யாராவது பார்த்தார்களா?