மத்தியானம் தொட்டித் தண்ணி 34 டிகிரி, கோல்டு ஃபிஷ் மேல வந்து மூச்சு வாங்குது. என்ன பண்றதுங்க?

பெருந்துறைக்காரன்:
வணக்கமுங்க. ரெண்டடித் தொட்டி, கல்லு மண்ணு போக 50 லிட்டர் தண்ணி இருக்கும். கோல்டு ஃபிஷ் ரெண்டு, கப்பி மீனு கொஞ்சம். மாடி வீடு. காலைல 30 காட்டுது, மூணு மணிக்கு 34. கோல்டு ஃபிஷ் ரெண்டும் மேலயே நின்னு வாயைத் திறந்து திறந்து மூடுது, செவுளு படபடன்னு அடிக்குது. கப்பி அதுபாட்டுக்குச் சுத்துது. ஐஸ் போடலாமுங்களா? தண்ணியைக் குளிர வைக்கிற சில்லர் மெஷின் விலை கேட்டேன், தொட்டி மீனு எல்லாம் சேர்த்தாலும் அத்தனை வராது.

காவேரிக்கரை:
கோல்டு ஃபிஷ் குளிர்த்தண்ணி மீனு தம்பி, 24க்குள்ள இருந்தாத்தான் அதுக்குச் சுகம். தண்ணி சூடாக ஆக ஆக்சிஜன் குறையும்: 20 டிகிரில லிட்டருக்கு 9 மில்லிகிராம் நிக்கும், 30ல ஏழரைதான். சூட்டுல மீனுக்கு மூச்சோ அதிகம் வேணும். மொதல்ல ஏர் பம்பை ராத்திரி பகலா ஓட விடுங்க. தீனி பாதி போதும். மேல மூடி, லைட்டு என்ன இருக்கு?

பெருந்துறைக்காரன்:
கண்ணாடி மூடிங்ணா. லைட்டு பகல் பூரா எரியும்.

காவேரிக்கரை:
ரெண்டையும் எடுங்க. மீனு துள்ளாம கொசுவலை கட்டிட்டு, டேபிள் ஃபேனைத் தண்ணி மேல சாய்வா வெச்சு விடுங்க. தண்ணி மேல சின்னச் சின்ன அலை ஓடோணும், அதான் கணக்கு.

தாம்பரம்வாசி:
நானும் ஃபேன் வெச்சேன், ஒரு டிகிரிக்கு மேல இறங்கல. ஐஸ்தான் சரி.

கணக்குவாத்தி:
ஃபேன் காத்துல தண்ணி ஆவியானாத்தான் குளிருமுங்க. உங்கூருல காத்துலயே ஈரம், தண்ணி எங்க ஆவியாகும்? ஈரோட்டுப் பக்கம் சித்திரை வெயில் காஞ்ச வெயில். இந்த 50 லிட்டர்ல ஒரு லிட்டர் ஐஸ் பாட்டிலை மிதக்க விட்டா மொத்தமா ரெண்டு டிகிரி சொச்சம் இறங்கும், அவ்வளவுதான். அதே ஒரு லிட்டர் ஆவியாப் போனா பத்து டிகிரிக்கு மேல இறக்குற அளவு சூட்டைக் கொண்டுபோகும். அறைச்சூடு திரும்ப ஏறுறதால முழுசாக் கிடைக்காது, ஆனாலும் ஐஸ் பக்கத்துல நிக்காது. ஐஸ் உருகினதும் மறுபடி ஏறும்; இப்படி ஏறி இறங்கினா வெள்ளைப்புள்ளி நோய் சுலபமாத் தொத்திக்கும். மத்தியானம் கரண்ட்டு போனா மட்டும் மூடின பாட்டில் ஒண்ணு விடுங்க. கட்டியா உள்ள கொட்டாதீங்க.

பெருந்துறைக்காரன்:
ஃபேன் வெச்சு ரெண்டாம் நாளுங்க. மூணு மணிக்கு 30. மீனு கீழ இறங்கிருச்சு. ஆனா தண்ணி தினமும் ஒரு விரக்கடை குறையுதே, போர் தண்ணி ஊத்திக்கலாமுங்களா?

காவேரிக்கரை:
வேண்டாந் தம்பி. ஆவியாப் போறது வெறுந்தண்ணி, உப்பு தொட்டிலயே தங்கிரும். அதுமேல போர் தண்ணியும் ஊத்தினா உப்பு ஏறிக்கிட்டே போகும். ஆர்ஓ தண்ணி இருந்தா ஊத்துங்க, இல்லாட்டி ஆத்துத் தண்ணியை ராத்திரியே பக்கெட்ல புடிச்சு வெச்சு காலைல ஊத்துங்க. மொட்டைமாடி டேங்குத் தண்ணியை மத்தியானம் தொடவே தொடாதீங்க, கை சுடும். அப்புறம் அந்தக் கப்பிய வேற தொட்டிக்கு மாத்திருங்க. கோல்டு ஃபிஷ் பெருசாச்சுன்னா அதுகளை முழுங்கிப்போடும்.